அடிமனை யாருடையது?

மாணவ மாணவியரே, கோயம்புத்தூர் மாநகரைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் எழுந்த வண்ணம் இருக்கின்றன. சரவணம்பட்டி, வடவள்ளி, பீளமேடு, சிங்காநல்லூர் என எத்திசையில் சென்றாலும் ‘வீடு விற்பனைக்கு’ என்னும் பலகை நம்மை வரவேற்கிறது. அறைகள் எத்தனை, பரப்பு எத்தனை சதுர அடி, விலை எத்தனை இலட்சம் என்பன அதில் பெரிய எழுத்தில் இருக்கும். அவ்வீடு நிற்கும் மண் யாருக்கு உரியது என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிராது. எழுதப்படாத அந்த ஒரு செய்தியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

‘வீடு வாங்குவது பெரியவர்கள் கவலை, எங்களுக்கு என்ன?’ என்று நீங்கள் எண்ணலாம். பத்து ஆண்டுகள் கழிந்தால் அக்கவலை உங்களுடையதே. இன்றும்கூட, வீட்டில் எழுத்தறிந்த பிள்ளை நீங்களாக இருந்தால், தந்தையார் கையெழுத்திடப் போகும் பத்திரத்தை உங்களிடம்தானே நீட்டுவார்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொங்கு நாட்டுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் வீடு வாங்கும் பருவம் வந்ததும், பத்திர நகலோடு வந்து, ‘ஐயா, இதைச் சற்றுப் பாருங்கள்’ என்பதுண்டு. நல்ல வழக்கறிஞரிடம் போகுமாறு சொல்லித்தான் அனுப்புவேன். ஆயினும் அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்பேன்: ‘தம்பி, நீ வாங்குவது மண்ணையா, ஆண்டுகளையா?’ பலரும் திகைத்துப்போவார்கள். அக்கேள்வியின் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், வரலாற்றில் சற்றுப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஒரே நிலத்தின்மீது இருவருக்கு இருவகை உரிமை இருக்கலாம் என்னும் கருத்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று சிலர் நினைக்கின்றனர். அஃது உண்மையன்று. நம் பழைய செப்பேடுகளில் ‘காராண்மை’, ‘மீயாட்சி’ என்னும் இரு சொற்கள் பயில்கின்றன. நிலத்தில் இறங்கி உழுது பயிரிடும் உரிமை காராண்மை. அதற்கு மேலாக நின்று நிலத்தை ஆளும் உரிமை மீயாட்சி. ஒருவருக்கு நிலம் வழங்கும்போது இவ்விரண்டும் சேர்த்து வழங்கப்படுகின்றனவா என்பதைத் தெளிவாக எழுதினார்கள் நம் முன்னோர். வீடு வாங்குவோர் இன்று கேட்க வேண்டிய கேள்வியும் இதுவேயன்றி வேறன்று.

கொங்கு நாட்டில் இதைவிடப் பழக்கமான சொல் ‘காணி’. நில அளவு ஒன்றுக்கும் அதுவே பெயர். வழிவழியாக வரும் உரிமைக்கும் அதுவே பெயர். கொங்கு மக்கள் தம் குலத்துக்கு உரிய முன்னோர் ஊரைக் ‘காணியூர்’ என்றும், அவ்வூர்த் தெய்வத்தின் கோயிலைக் ‘காணிக் கோயில்’ என்றும் இன்றும் சொல்கின்றனர். பிழைப்புக்காக எங்கு குடிபெயர்ந்தாலும் காணி மாறுவதில்லை. பேரூர், அவிநாசி முதலிய பழம்பதிகளின் கல்வெட்டுகளில் கோயில்களுக்கு நிலம் விட்ட செய்திகள் உள்ளன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எல்லை எது, வரி உண்டா இல்லையா என்பவற்றைக் கல்லில் வெட்டுவித்த சமுதாயம், நில உரிமையை வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடவில்லை என்பது தெளிவு.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1792 முதல், சேலத்தை அடுத்த பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடு என்பவரும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவர் ஒவ்வொருவரிடமும் நேராகத் தீர்வை வாங்கும் முறையைத் தொடங்கியிருந்தனர். அதுவே இரயத்துவாரி முறை. இடையில், 1808-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் கம்பெனி அரசு வேறொரு முறையையும் சோதித்துப் பார்த்தது. ஒரு கிராமத்து வருவாய் முழுவதையும் மூன்றாண்டுக்கோ பத்தாண்டுக்கோ ஒருவரிடம் குத்தகைக்கு விடுவது அம்முறை. கெடு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் குத்தகைக்காரருக்கு மண்ணின் நலனில் என்ன அக்கறை இருக்கும்? முடிந்த மட்டும் கறப்பதிலேயே கருத்து இருக்கும். அம்முறை நிலைக்கவில்லை. 1820-இல் மன்றோ சென்னை ஆளுநரானார். இரயத்துவாரி முறை மாகாணத்தில் வேரூன்றியது.

இதன் விளைவை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கொங்கு நாட்டின் பெரும்பகுதியில் தோட்டமும் காடும் உழவர் பெயரிலேயே பட்டாவாயின. தீர்வையைச் செலுத்தும்வரை நிலம் அவருடையது. விற்கலாம், ஈடு வைக்கலாம், மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆகவே, ‘பணம் கொடுத்தேன், மண் எனதாயிற்று’ என்னும் எண்ணம் நம் மக்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த அவ்வெண்ணத்தோடு ஒருவர் குத்தகை நிலத்தில் கட்டிய வீட்டை வாங்கப் போகும்போதுதான் இடர்ப்பாடு நேர்கிறது. அங்கே பணம் கொடுத்தாலும் மண் அவருடையதாவதில்லை.

சொற்குழப்பம் ஒன்றும் இங்கே உண்டு. அதை முதலில் நீக்கிக்கொள்வோம். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பதும், சந்தையைக் குத்தகைக்கு எடுப்பதும் நீங்கள் அறிந்தவை. நகரத்தில் ‘வீட்டை லீசுக்கு எடுத்தேன்’ என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையை முழுதும் திரும்பப் பெறுவது அம்முறை. உண்மையில் இதன் பெயர் போக்கியம். ஒற்றி என்றும் சொல்வர். இது கடனுக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பது. 99 ஆண்டுக் குத்தகையில் வீடு வாங்குவது முற்றிலும் வேறானது. அங்கே கொடுத்த விலை திரும்பி வராது. நாட்கள் கழியக் கழிய, வாங்கிய பொருளும் கையிலேயே கரைந்துகொண்டிருக்கும். ‘லீஸ்’ என்னும் ஒரே சொல் இவ்விரண்டுக்கும் வழங்குவதால் ஏமாந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் சொத்து மாற்றுச் சட்டம் 1882-இல் இயற்றப்பட்டது. விற்பனை என்பது உரிமையையே விலைக்கு மாற்றுவது என்றும், குத்தகை என்பது ஒரு சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் குறித்த காலத்துக்கோ நிரந்தரமாகவோ மாற்றித் தருவது என்றும் அச்சட்டம் பிரித்துக் காட்டுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. குத்தகைதாரர் நிபந்தனையை மீறினால், பத்திரம் அதற்கு இடந்தருமானால், காலம் முடிவதற்கு முன்பே குத்தகை முறியவும் கூடும். வேறு ஒப்பந்தம் இல்லையாயின், காலம் முடிந்தபின் குத்தகைதாரர் தாம் கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்றும் சட்டம் சொல்கிறது. வைக்கோற் கூரை வேய்ந்த சாளைக்கு அது பொருந்தலாம். ஐந்தாம் மாடியில் உள்ள வீட்டைப் பெயர்த்து எங்கே கொண்டுபோவது?

நீண்ட குத்தகைகள் நடைமுறையில் எவ்வாறு முடிந்தன என்பதற்கு வரலாறு சான்றுகள் பல தருகிறது. அவற்றுள் நான்கை மட்டும் காண்போம்.

முதலாவது, நம் அண்டையில் உள்ள பெரியாறு. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணையும் நீர்த்தேக்கமும் அமைக்க 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய். ஆண்டுக்கு 40,000 ரூபாய். அணை 1895-இல் நீர் வழங்கத் தொடங்கியது. ஒப்பந்தம் இருபத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீள்வது. ஆயின், ஐந்து ரூபாயின் மதிப்பு அதுவரை நீளுமா? நூறு ஆண்டுகூட நீளவில்லை. 1970-இல் இரு மாநிலங்களும் பேசி, வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தின. குத்தகையில் ஆண்டுகளின் எண்ணிக்கையைப் போலவே வாடகையை மாற்றும் விதியும் முக்கியமானது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. சிங்கம்பட்டி சமீன்தாரிடமிருந்து 8,374 ஏக்கர் மலைநிலத்தை 1929-இல் பம்பாய் பர்மா வணிகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காடு தேயிலைத் தோட்டமாயிற்று. தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. பள்ளியும் வழிபாட்டிடங்களும் எழுந்தன. 1948-ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி நிலத்தின் மேலுரிமை அரசுக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. அது முடியும் ஆண்டு 2028. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2024-இல், நிறுவனம் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை விட்டு விலக முற்பட்டது. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முதுமை அடைந்தவர்கள், ‘எங்கே போவோம்?’ என்று நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அவர்கள் வீடு வாங்கியவர்கள் அல்லர், தொழிலாளர்கள். ஆயினும் ஒரு பாடம் அனைவருக்கும் பொதுவானது. ஒரு மண்ணில் எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதைப் பத்திரம் கேட்பதில்லை. இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையே அது கேட்கிறது.

மூன்றாவது, ஹாங்காங். 1898-இல் பிரிட்டன் சீனாவிடமிருந்து அத்தீவை ஒட்டிய புதிய நிலப்பகுதியை 99 ஆண்டுக்கு வாடகையின்றிக் குத்தகை பெற்றது. அந்நாளில் 1997 என்பது எட்டாத் தொலைவில் இருந்தது. 1970-களின் இறுதியில் அது அண்மையில் வந்துவிட்டது. அப்பகுதியில் அரசு மக்களுக்கு அளித்திருந்த மனைக் குத்தகைகள் எதுவும் 1997-க்கு அப்பால் நீள முடியாது. இருபது ஆண்டுகூட மிச்சமில்லாத மனையை நம்பி யார் கட்டடம் எழுப்புவர்? எந்த வங்கி நீண்ட காலக் கடன் தரும்? இக்கவலையே 1979-இல் ஹாங்காங் ஆளுநரைப் பீக்கிங் நகருக்குச் சென்று பேசத் தூண்டியது. குத்தகை முடியும் நாளில் மட்டும் மதிப்பு போவதில்லை. முடிவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அது தேயத் தொடங்குகிறது.

நான்காவது, தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. அது விற்கும் அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை. காலம் முடிந்ததும் வீடு அரசுக்குத் திரும்பும். ‘அரசு கடைசியில் ஏதேனும் செய்யும்’ என்று பலர் நம்பியதுண்டு. கேலாங் என்னும் பகுதியில் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வரிசை வீடுகளின் காலம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்தது. நிலம் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பியது. பத்திரத்தில் எழுதியிருந்தது எழுதியபடியே நடந்தது.

குத்தகை வீட்டு முறை பரவியிருக்கும் மற்றொரு நாடு இங்கிலாந்து. அங்கே அடுக்குமாடி வீடுகளை நீண்ட குத்தகையில் வாங்குவதே வழக்கம். வீட்டுக்குப் பெருவிலை கொடுத்த பின்னரும், நிலத்துக்கு உரியவருக்கு ஆண்டுதோறும் அடிமனை வாடகை செலுத்தி வந்தனர். 1967-இல் தனி வீட்டுக் குத்தகைதாரர்களுக்கும், 1993-இல் அடுக்குமாடி வீட்டுக் குத்தகைதாரர்களுக்கும் நிலவுரிமையை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைச் சட்டம் தந்தது. 2022-இல் மற்றொரு சட்டம், இனி எழுதும் பெரும்பாலான புதிய நீண்ட குத்தகைகளில் ஆண்டுக்கு ஒரு மிளகுக்கு மேல் அடிமனை வாடகை கூடாது என்று விதித்தது. மலைநாட்டு மிளகு அங்கே வாடகைக்கணக்கில் ஏறியிருப்பது வேடிக்கையே. வாடகையே இல்லை என்பதைச் சட்ட மொழியில் அவ்வாறு சொல்வர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. பிறர் மண்ணில் அடிமனை வாடகை கொடுத்துத் தம் செலவில் வீடு கட்டியவர்கள் திடீரென வெளியேற்றப்பட்டபோது, அவர்களைக் காக்கச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1921-இல் உருவாயிற்று. கட்டடத்துக்கு இழப்பீடு பெறவும், நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு மண்ணையே வாங்கிக்கொள்ளவும் அது வழி செய்தது. பின்னர் வேறு நகரங்களுக்கும் அது விரிந்தது. ஆயினும் குறித்த நாட்களுக்கு முன் ஏற்பட்ட பழைய குத்தகைகளுக்கே அது பயன்படும். சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு அது பொருந்தாது என்று 1996-இல் திருத்தமும் செய்யப்பட்டது. ஆதலின், இன்று புதிதாகக் குத்தகை வீடு வாங்குவோர் அச்சட்டத்தைக் குடையாக நம்பி மழையில் இறங்கக் கூடாது. தலைநகர் தில்லியிலோ, வளர்ச்சி ஆணையம் குத்தகையில் அளித்த வீடுகளை, கட்டணம் பெற்று முழு உரிமையாக மாற்றித் தரும் திட்டம் 1992-இல் தொடங்கிற்று. மக்கள் விரும்பியது எது என்பதற்கு அத்திட்டமே சான்று.

இனி, நம் ஊருக்குத் திரும்புவோம். கோயம்புத்தூரில் விற்கப்படும் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை முழு உரிமை வீடுகளே. அவற்றை வாங்குவோருக்கு வீட்டோடு, அடிமனையில் ‘பிரிவுபடாத பாகம்’ ஒன்றும் கிரயம் செய்து தரப்படும். நூறு வீடுகள் உள்ள கட்டடத்தில் அப்பாகம் கையளவு மண்ணாக இருக்கலாம். அது எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பு அதற்கு விடை சொல்லும். 1980-களில் எழுந்த ஏறத்தாழ 960 வீடுகள் அங்கே இருந்தன. நாற்பது ஆண்டுகள் நிறையும் முன்பே கட்டடம் தளர்ந்தது. கூரைக் காரை உதிர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதைப் பற்றிய பேச்சு நெடுங்காலம் நடந்தது. அப்பேச்சில் ஒவ்வொருவருக்கும் உள்ள நிலப்பங்கு முதன்மையான பொருளாயிற்று. கட்டடம் முதுமை அடைகிறது. மண் முதுமை அடைவதில்லை. மண்ணில் பங்கு உள்ளவருக்கு, சுவர் இடிந்தபின்னும் பேச ஓர் இடம் இருக்கிறது. 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி வகுத்துள்ளது. குத்தகை வீட்டுக்காரருக்கோ, அடிமனையின் உரிமையாளர் இசையாமல் இவ்வழி திறக்காது.

குத்தகை நிலம் நம் பகுதியில் இல்லாமலும் இல்லை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் மனைகளைச் சிப்காட் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகையில்தான் ஒதுக்குகிறது. தொழில் நடத்துவோர் முதலைப் போட்டு, ஈட்டி, கணக்குத் தீர்த்துக்கொள்வர். அவர்களுக்கு அம்முறை பொருந்தும். குடியிருக்கும் வீட்டின் கணக்கு வேறு. வீட்டுவசதி வாரியம் தவணையில் தரும் வீடுகளுக்கு முதலில் எழுதப்படுவது ‘குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம்’. தவணை முழுதும் தீர்ந்து, கிரயப் பத்திரம் பதிவான பின்னரே வீடு முழு உரிமையாகும். தவணை தீர்ந்ததே போதும் என்று கிரயப் பத்திரத்தை வாங்காமல் விட்டுவிட்டால், பிள்ளைகள் காலத்தில் தொல்லை வரும். கோயில் நிலமாயின் இன்னும் விழிப்பு வேண்டும். இந்து சமய அறநிலையச் சட்டம், 1959-இன்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அஃதின்றேல் குத்தகை செல்லாது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084-இல் முடியும். 2030-இல், 25 வயதுள்ள ஒருவர் அந்நிலத்தில் உள்ள வீட்டை வாங்குகிறார் என்று கொள்வோம். மிச்சம் 54 ஆண்டுகள். 20 ஆண்டுக் கடன் 2050-இல் தீரும்போது அவருக்கு 45 வயது; மிச்சம் 34 ஆண்டுகள். 60 வயதில், 2065-இல், வேலை ஓய்கிறது. மிச்சம் 19 ஆண்டுகள். அப்போது விற்க நினைத்தால், ஹாங்காங்கில் எழுந்த கேள்வியே இங்கும் எழும். விற்காமல் இருந்தாலோ, குத்தகை முடியும்போது அவருக்கு வயது 79. ஊன்றுகோலோடு வேறு வீடு தேட வேண்டிய வயது அது. பலகையில் ‘99 ஆண்டுகள்’ என்று படித்தபோது அவர் தம் பேரன் காலம் வரை போதும் என்று எண்ணியிருப்பார். 99 எப்போது எண்ணத் தொடங்கியது என்று மட்டும் கேட்கவில்லை.

ஆகவே, குத்தகை வீடு வாங்க எண்ணுவோர் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். குத்தகை எந்நாளில் தொடங்கியது, எந்நாளில் முடியும்? புதுப்பித்துத் தரும் கடமை நிலத்துக்கு உரியவருக்கு உண்டா, அல்லது அவர் மனம் வைத்தால்தான் உண்டா? அடிமனை வாடகை எவ்வளவு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தக் கணக்கில் உயரும்? வீட்டை விற்கவோ, ஈடு வைக்கவோ, வாடகைக்கு விடவோ அவர் அனுமதி வேண்டுமா. அதற்குக் கட்டணம் உண்டா? எந்தத் தவறு செய்தால் குத்தகை முறியும்? காலம் முடிந்தபின் கட்டடம் யாரைச் சேரும். அதற்கு விலை தருவார்களா? இறுதியாக, குத்தகைக்கு விட்டவருக்கே அந்நிலத்தில் விடும் உரிமை உண்டா? இவற்றுக்கு விடை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். விற்பவரின் இனிய வாய்ச்சொல் விடையாகாது. ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?’ என்பது நம் பாட்டிமார் மொழி.

பத்திரத்தோடு வேறு சில தாள்களையும் பார்க்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, அடிமனைமீது பழைய அடமானம் உண்டா என்று காணுங்கள். தாய்ப்பத்திரம் முதல் உரிமை முறையாக இறங்கி வந்திருக்கிறதா என்று வழக்கறிஞர் துணையோடு பாருங்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவேயன்றி, அது மட்டும் உரிமைக்கு முடிந்த சான்றாகாது என்பதை மறவாதீர்கள். புதிய கட்டடமாயின், 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். குத்தகையில் வீடு பெறுவோரையும் அச்சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே கருதுகிறது.

குத்தகை வீடே கூடாது என்பது என் கருத்தன்று. விலை குறைவு, நகரின் நடுவில் இடம், மிச்சமுள்ள ஆண்டுகளோ மிகுதி, நிலத்துக்கு உரியதோ நம்பத்தக்க பொது நிறுவனம். இந்நான்கும் கூடினால், அது வாழ்நாளுக்குப் போதுமான நல்ல வீடாகலாம். மண்ணுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு ஆண்டுகளை மட்டும் பெற்று வருவதே இழப்பு. முழு உரிமை வீட்டுக்குக் கேட்கும் விலையையே குத்தகை வீட்டுக்கும் கேட்டால், கைகூப்பி விடைபெற்று வந்துவிடுங்கள்.

‘அரசர்கள் வாழ்ந்த ஆண்டுகளைப் படித்து என்ன பயன்?’ என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. கல்வெட்டைப் படிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எதைக் கொடுத்தார், எத்தனை காலத்துக்குக் கொடுத்தார், எந்த நிபந்தனையோடு கொடுத்தார் என்று கேட்கிறோம். வீட்டுப் பத்திரமும் ஒரு கல்வெட்டே; காகிதத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவே. வரலாற்று மாணவர் கல்லின் முன் நின்று பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பதுபோல், நீங்களும் அப்பத்திரத்தின் முன் அமர்ந்து படியுங்கள். படித்து முடித்தபின், ‘இதில் காராண்மை மட்டுமா, மீயாட்சியும் உண்டா?’ என்று கேளுங்கள். விடை தெளிவாகும்வரை பேனாவின் மூடியைத் திறக்க வேண்டாம்.